தாவினி என்று ஒரு சொல்

நான் காரோட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சிக் காரில் எனக்கும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுபவர் மிதிப்பதற்கு முன்பே என் கால் போய்விடும். "நான் மிதிக்கத்தான் சார் போனேன், அதுக்குள்ள நீங்க மிதிச்சிட்டீங்க" என்று தினமும் யாராவது குறைப்பட்டுக்கொள்வார்கள். மிதிக்கப் போனவர்கள் எல்லாரும் மிதித்திருந்தால் இந்த வண்டிக்கு இத்தனை தடவை முகப்பு மாற்றியிருக்க வேண்டாமே என்று நான் எரிந்து விழுவேன்.

வீட்டிலும் எனக்கு இதே குணம்தான் என்பது என் மனைவியின் புகார். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பல்வலிக்காரர்களிடம் நாள் முழுக்கப் பொறுமையாகப் பேசிவிட்டு, மிச்சமிருக்கும் பொறுமையோடு என்னிடம் வருவாள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போடாத விஷயம் ஒன்றே ஒன்று. குழந்தை வேண்டும் என்பதில் இரண்டு பேரும் ஒரே கட்சி. டாக்டர்கள் கையை விரித்த பிறகு, தத்து எடுக்கலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். விண்ணப்பம் போட்டோம். அதிகாரிகள் வந்து சமையலறை அலமாரிகளைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு வரிசை. வரிசை என்றால் சாதாரண வரிசை இல்லை; முன்னால் நிற்பவரின் முதுகுகூடக் கண்ணுக்குத் தெரியாத வரிசை.

அவளுக்கு ஒரே தம்பி. வீட்டில் அவனுக்குச் சுண்டு என்று பெயர். ஆள் ஆறடிக்கு வளர்ந்த பிறகும் பெயர் மட்டும் வளரவில்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. முதல் சம்பளத்தில் தனக்கும் அக்காவுக்குமாகச் சேர்த்து இரண்டு சிம் வாங்கினான். கடைக்காரர் அடுத்தடுத்த எண்களைக் கொடுத்தார். கடைசி இலக்கத்தில் மட்டும்தான் வித்தியாசம். அக்காளுக்கும் தம்பிக்கும் அதில் ஒரு பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாமா, நான் பண்ணின ஒண்ணைக் காட்டுறேன், பாருங்க. ரெகுலர் எக்ஸ்பிரஷன்னு ஒண்ணு இருக்கு."

"எனக்கு ரெகுலரா இருக்கிறது தலைவலி மட்டும்தான்," என்றேன்.

"கேளுங்க மாமா. ஒரு சொல் எப்படி இருக்கணும்னு வடிவம் எழுதறதுதான் அது. முதல் எழுத்து இந்த மூணுல ஒண்ணு, ரெண்டாவது இந்த மூணுல ஒண்ணு, அப்படி. வழக்கமா அந்த வடிவத்தை வெச்சு, இருக்கிற எழுத்துக்குள்ள தேடுவாங்க. என்னோடது தலைகீழ். வடிவத்தைக் கொடுத்தா, அதுல அடங்குற அத்தனை சொல்லையும் இதுவே எழுதித் தந்துடும்."

அவன் தட்டினான். முதலில் க, ம, த. அடுத்து லி, னு, ரு. கடைசியில் வா, சி, மை. திரையில் கடகடவென்று இறங்கியது: கலிவா, கலிசி, கலிமை, கனுவா, கனுசி... என் மனைவி ஈரக் கையோடு வந்து அவன் தோள்மேல் சாய்ந்து வாசித்தாள். நடுவில் 'கருமை' வந்தது. 'மலிவா' வந்தது. 'மனுசி' வந்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இத்தனை குப்பைக்கு நடுவுல ஒரு மனுசி வந்துட்டாடா!"

"அவளும் தெரியாம வந்தவதான்," என்றேன். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

இந்த விளையாட்டுக்குச் சம்பளம் வேறா என்று கேட்டேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். குழந்தைகளைத் தத்துக் கொடுக்கும் அலுவலகத்துக்கு அவன் கம்பெனி புதிதாக மென்பொருள் செய்கிறதாம். கடிதம் அனுப்பும் பழைய முறையை நிறுத்திவிட்டு, குழந்தை ஒதுக்கியதும் பெற்றோருக்கு மெசேஜ் போகும்படி செய்வது இவன் வேலை. அதைச் சோதித்துப் பார்க்க உண்மையான குழந்தைகளின் பெயரைப் போடக் கூடாது. அதனால் யாருக்கும் இல்லாத பெயர்களை இந்தக் கருவி செய்து கொடுக்கும். போன் எண்களும் அப்படியே.

"டேய், அப்ப நம்ம ஆளு உள்ளேயே இருக்கான்," என்று அவள் கண்ணைச் சிமிட்டினாள்.

"அக்கா, நான் மெசேஜ் அனுப்புறவன். வரிசையைத் தொட எனக்கு அனுமதி இல்லை. தொட்டா வேலை போயிடும்."

"தொடவே வேணாம்டா. நம்ம முறை வரும்போது வந்தாப் போதும்."

அதன் பிறகு கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம், ஓர் அம்மாள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. பாடத்தின்போது நான் போன் எடுப்பதில்லை. அது விடாமல் அடித்தது. எடுத்தால் மனைவி.

"ஏங்க, வந்துடுச்சுங்க."

"என்ன வந்துடுச்சு?"

வந்த மெசேஜை வாசித்துக் காட்டினாள். வாழ்த்துகள். உங்களுக்குக் குழந்தை ஒதுக்கப்பட்டுள்ளது. பெயர் தாவினி. வயது ஒன்று. மூன்று வேலை நாட்களுக்குள் நேரில் வந்து சம்மதம் தெரிவிக்கவும்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரிவர்ஸ் எடுத்த அம்மாளை அப்படியே நடுத் தெருவில் நிறுத்தி இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு அவர் வேறு பயிற்சிப் பள்ளிக்குப் போய்விட்டார். போகட்டும்.

குழந்தைகளுக்கான கார் இருக்கை ஒன்றை எப்போதோ வாங்கி, பெட்டி பிரிக்காமல் பரண்மேல் வைத்திருந்தேன். அதை இறக்கிப் பின்சீட்டில் பூட்டினேன். பட்டையை இழுத்துப் பார்த்தேன். மறுபடி இழுத்துப் பார்த்தேன். "போதுங்க, பிஞ்சுடப் போகுது," என்றாள். அலுவலகத்துக்குப் போகும் வழி நெடுக அவள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். தாவினி. தாவி. தாவிக்குட்டி. சிக்னலில் நிற்கும்போது, "நல்ல பேரா இல்ல? நான் எங்கேயும் கேள்விப்பட்டதே இல்லை. யாருங்க இப்படி யோசிச்சு வெச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். எனக்கும் பெயர் பிடித்திருந்தது. கூப்பிட்டால் வாய் நிறைந்தது.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள்தான் பொறுப்பு. எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவரும் அவர்தான். மெசேஜை வாங்கிப் படித்தார். கணினியில் தேடினார். எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்தபோது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

"மன்னிச்சுக்கங்க. இது சோதனைக்காக அனுப்பின மெசேஜ். வெளியே போயிருக்கவே கூடாது."

என் மனைவிக்கு அது மண்டையில் ஏறவில்லை. "சரிம்மா. அப்ப தாவினியை யார் கூட்டிட்டுப் போனாங்க?"

"அப்படி ஒரு குழந்தையே இல்லம்மா."

"இல்ல, பேர் போட்டிருக்கே."

அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்களோடு வாசல் வரைக்கும் வந்தார். காருக்குள் இருந்த இருக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சாயங்காலம் சுண்டு வந்தான். தானாகவே வந்து, நின்றபடியே சொன்னான். மெசேஜ் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று தன் போனிலேயே பார்க்க நினைத்திருக்கிறான். தன் எண்ணையே எடுத்து, கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் எதுவாகவும் இருக்கலாம் என்று வடிவம் எழுதினான். கருவி நூறு எண்களைத் தந்தது. வெளியே அனுப்பும் வழி மூடியிருக்கிறது, தன் ஒரு எண்ணுக்கு மட்டும்தான் திறந்திருக்கிறது என்று அவன் நினைப்பு. அன்று காலையில்தான் யாரோ அதை எல்லாவற்றுக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். நூறு பேருக்குக் குழந்தை ஒதுக்கியாகிவிட்டது. பெரும்பாலானவர்கள் விளம்பரம் என்று அழித்துவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் அலுவலகத்துக்கு போன் போட்டு, 'எனக்கு எழுபது வயசாச்சு, இப்ப எதுக்குய்யா குழந்தை' என்று கேட்டாராம். நூறு பேரில் நம்பிக் கிளம்பிப் போனவள் அவன் அக்கா ஒருத்திதான்.

"உன் நம்பர் பக்கத்துல என் நம்பர்னு தோணலையாடா?" என்றாள்.

"நம்பரா தோணலக்கா. வடிவமாத்தான் தெரிஞ்சுது."

அவள் திட்டுவாள் என்று அவனும் எதிர்பார்த்தான், நானும் எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "பேர் நல்லா இருந்துச்சுடா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அழுதது எனக்குக் கேட்டது. யாரும் பெறாத, யாரும் வைக்காத பெயர். இயந்திரம் எழுத்தைக் குலுக்கிப் போட்டதில் வந்து விழுந்த சொல். அதற்காக ஒரு மனுஷி அப்படி அழுவாள் என்று நான் நினைத்ததில்லை.

துக்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். மாடிப்படியில் அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

"இதோ பாரு. இனிமே உன் மிஷின்ல இருந்து ஒரு எழுத்துகூட அவ போனுக்கு வரக் கூடாது. புரியுதா? ஒரு எழுத்து வந்துச்சு, இந்த வீட்டுப் படி ஏறாதே."

"சரி மாமா."

"சரின்னு தலையாட்டாதே. செய்."

"செஞ்சுடறேன் மாமா."

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "பண்ணிட்டேன் மாமா, இனிமே வராது," என்றான். என்ன பண்ணினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கேட்டிருக்கலாம்.

மாதங்கள் போயின. அவள் தேறிவிட்டாள். மறுநாளே வேலைக்குப் போனவள் அவள். தேறாமல் சுற்றிக்கொண்டிருந்தது நான்தான். கார் இருக்கையைக் கழற்றிப் பரணில் போடலாம் என்றதற்கு, "இருக்கட்டும்ங்க. வரிசை அப்படியேதானே இருக்கு? நம்ம முறை வரும்," என்றாள். தம்பியோடும் பழையபடி பேசத் தொடங்கினாள். அவன் சாப்பிட வருவான், லேப்டாப்பை மட்டும் கொண்டுவர மாட்டான்.

தத்து அலுவலகத்தில் மருத்துவச் சான்றிதழை வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க நான் தனியாகவே போனேன். அந்த இடத்துக்கு மறுபடி அவளை எதற்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. கண்ணாடி அம்மாள் தாளை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"நீங்கதான் பதிலே சொல்லலையே சார்."

"எதுக்கு?"

திரையைத் திருப்பிக் காட்டினார். எங்கள் பெயருக்கு எதிரே, குழந்தை ஒதுக்கப்பட்டது. தகவல் அனுப்பப்பட்டது. பதில் இல்லை. விருப்பமில்லை எனக் கருதப்பட்டது.

"முதல்ல நடந்ததுக்கு நீங்க கோபமா இருக்கீங்க, அதான் வரலைன்னு நினைச்சேன்," என்றார். "அந்தக் குழந்தையைப் போன மாசமே அடுத்தவங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க சார்."

நான் ஏதேதோ பேசினேன். சத்தமாகவும் பேசினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது என்றார். அங்கேயிருந்து மறுபடி முறை வருவதற்குள் எங்கள் இரண்டு பேர் வயதையும் கூட்டினால் தத்து எடுப்பவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பைத் தாண்டிவிடும். அந்தப் பேச்சை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

காரில் உட்கார்ந்து சுண்டுவைக் கூப்பிட்டேன். "எங்களுக்கு மெசேஜ் அனுப்பினதா ஆபீஸ்ல சொல்றாங்க. அவ போனுக்கு எதுவும் வரலை. என்னன்னு பாரு."

"ஒரு நிமிஷம் மாமா." அவன் தட்டுவது கேட்டது. வேகமாகத் தட்டினான். பிறகு தட்டுவது நின்றுபோனது.

"மாமா, நான் வீட்டுக்கு வர்றேன்," என்றான்.

எனக்கு முன்னால் வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். எங்கள் படியில் சத்தம் எதிரொலிக்கும் என்பதால் தணிந்த குரலில் பேசினான். அன்றைக்கு நான் கத்தியதும், அதே வடிவத்தை எடுத்து, அந்த நூறு எண்களுக்கும் எதுவும் போகக் கூடாது என்று ஒரு வரி எழுதிச் சேர்த்திருக்கிறான். சோதனை மெசேஜுக்கு மட்டும் என்று எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் எல்லா மெசேஜுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டான். அனுப்பியாச்சு என்று முதலில் குறித்துக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் இவன் வரி தடுக்கும். அதனால் அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மென்பொருள் நடைமுறைக்கு வந்தபோது அந்த வரியும் அதற்குள்ளேயே தங்கிவிட்டது.

சொன்ன பேச்சை ஒரு நாளும் கேட்காதவன், அன்றைக்கு மட்டும் கேட்டிருக்கிறான்.

"அக்காகிட்ட என்ன மாமா சொல்றது?"

"ஆபீஸ்ல குழப்பம்னு சொல்லிக்கலாம். நீ வாயைத் திறக்காதே. நான் பக்குவமா—"

கதவு திறந்தது. அவள் அன்றைக்குச் சீக்கிரம் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்றும் தெரியாது.

"உள்ள வந்து பேசுங்க ரெண்டு பேரும்," என்றாள்.

சாப்பாட்டு மேசையில் எங்களை எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு அவள் நின்றுகொண்டே கேட்டாள். தம்பி மறுபடி முதலிலிருந்து சொன்னான். அவள் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டாள். எப்போது அனுப்பியது, எத்தனை நாள் பார்த்திருந்தார்கள், ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா.

"மெசேஜ் போனா அதோட சரிக்கா. அப்படித்தான் செய்யச் சொன்னாங்க."

"பல் பிடுங்க வர்றவங்க பதில் சொல்லலைன்னாக்கூட நான் கூப்பிட்டுக் கேப்பேன்டா." அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் உடைந்தது. பிறகு சரியாகிவிட்டது. "சரி. அந்த வரியை எதுக்குப் போட்டே?"

அவன் என் பக்கம் பார்க்கவேயில்லை. "நான்தான்கா. பயந்து போயிட்டேன். உன்னை மறுபடி அழ வெச்சுடுவேனோன்னு."

என்மேல் அவன் துளிகூடப் பழி போடவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். என்னால் முடியவில்லை.

"நான் சொல்லித்தான் போட்டான். ஒரு எழுத்துகூட உன் போனுக்கு வரக் கூடாதுன்னு நான்தான் மிரட்டினேன்."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். அவனை ஒரு முறை பார்த்தாள்.

"எனக்கு வர்றதை நிறுத்துங்கன்னு நான் சொன்னேனா?" என்றாள். "அன்னிக்கு அழுதேன். அழுதா என்ன? மறுநாள் எழுந்து வேலைக்குப் போனேன் இல்ல? பொய்யா பத்து மெசேஜ் வந்தாலும் பத்து தடவையும் கிளம்பிப் போயிருப்பேன். பதினோராவது நிஜமா வந்திருக்கும். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பத்திரமா பாத்துக்கிட்டீங்க."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் வயது தெரிந்தது, அவளுக்கும் எனக்கும். அந்த வீட்டில் இனி ஒரு குழந்தை ஓடாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தச் சமாதானத்தைச் சொன்னாலும் அது என் வாயிலிருந்து வரக் கூடாது என்று தோன்றியது.

"போகாம நின்ன மெசேஜ் உன்கிட்ட இருக்குமாடா?" என்றாள்.

"இருக்குக்கா."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"பொண்ணா, பையனா?"

சுண்டு வாயைத் திறந்தவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. தெரிந்துகொண்டு அவள் என்ன செய்யப் போகிறாள், தெரிந்தால் இன்னும்தானே நோகும் என்று என் தலை தன்னாலேயே 'வேண்டாம்' என்று அசையத் தொடங்கியது. இவ்வளவுக்கும் பிறகு.

"அவரை எதுக்குடா பாக்குறே?" என்றாள் அவள். "கேட்டது நான்."

அவன் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"பொண்ணுக்கா," என்றான். "பத்து மாசம்."